பஸ் ஏணியில் செய்த ஹாண்டில்

லண்டன் போனவர்கள் பயணம் எழுதுகிறார்கள், சிங்கப்பூர் போனவர்கள் எழுதுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போனவன் எழுதக்கூடாதா? நான் போன காலத்தில் அதுவும் வேறு ராஜ்யம்தான். வேறு காசு, வேறு தபால், வேறு போலீஸ் தொப்பி. வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தாயிற்று. ஆரல்வாய்மொழி சுங்கச் சவுக்கையில் இருந்தவர்களுக்கு மட்டும் அந்தச் சங்கதி போய்ச் சேரவில்லை. தடுப்புக் கழியைக் குறுக்கே போட்டு, வருகிறவன் போகிறவன் மூட்டையையெல்லாம் அவிழ்த்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. டாக்டர்களைப் பார்த்து, மாதிரி மருந்து கொடுத்து, நாலு வார்த்தை இனிக்கப் பேசி ஆர்டர் வாங்குவது வேலை. வாகனம், யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் கழித்துக் கட்டிய மோட்டார் சைக்கிள். அதன் சத்தம் மேலப்பாளையத்தில் கேட்டால் பாளையங்கோட்டையில் என் மனைவி உலை வைத்துவிடுவாள் என்று மைத்துனன் கேலி பண்ணுவான். பண்ணட்டும். அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் நான் ராஜா.

அந்த ராஜாவுக்குக் குற்றாலத்தில் கண்டம் வந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனவன் பாறையில் வழுக்கி விழுந்தேன். இடது முழங்கை உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை முழுதாக நீளவில்லை, பாதி மடங்கின வாக்கிலேயே நின்றுவிட்டது. என் வண்டியின் ஹாண்டிலோ தாழ்ந்து, நேராக, எட்டத்தில் இருக்கும். டாங்கின் மேல் கவிழ்ந்து படுத்துத்தான் பிடிக்க வேண்டும். இடது கை எட்டாததால் உடம்பையே அந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு ஓட்டினேன். கிளச்சை விரல் நுனியால்தான் தொட முடிந்தது. ஒரு மணி நேரம் ஓட்டினால் இடுப்பிலிருந்து பிடரி வரை தீப்பிடித்தது போல் எரியும்.

யாரோ ஒரு புண்ணியவான் இதை மானேஜரிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். மதுரையிலிருந்து அவர் ஆள் அனுப்பவில்லை, நேரே வந்துவிட்டார். "சுந்தரம், சனிக்கிழமை நான் நாகர்கோவில் வரேன். உன் பின்னாடி உக்காந்து குழித்துறை வரைக்கும் வரப் போறேன். கை சரியில்லைன்னு எனக்குப் பட்டா, அடுத்த மாசத்துலேருந்து நீ மதுரை கோடவுன்ல இருந்துக்கோ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

கோடவுன் என்றால் என்ன தெரியுமா? ஜன்னல் கிடையாது. காலையில் உள்ளே போனால் பெட்டியோடு பெட்டியாக இருந்துவிட்டுச் சாயங்காலம் வெளியே வர வேண்டும். வெயில், மழை, ரஸ்தா, ஊர் ஊராக மனிதர்கள், வழியில் காப்பி, எல்லாம் போச்சு. எனக்கு அதுவும் ஜெயிலும் ஒன்றுதான். இதற்குள் மைத்துனன், வண்டி எப்படியும் தன்னிடம்தான் வரப்போகிறது என்ற நினைப்பில் வந்து துடைத்துவிட்டுப் போக ஆரம்பித்திருந்தான். அப்படியா சேதி என்று நான் செவ்வாய்க்கிழமையே கிளம்பிவிட்டேன். மாற்ற வேண்டியது என்னையல்ல, ஹாண்டிலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். நாகர்கோவிலில் பஸ் ஷெட் பிட்டர் ஒருவர் எதையும் வளைத்துவிடுவார் என்று ஒரு டிரைவர் சொல்லியிருந்தார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று என்னையும் வண்டியையும் சேர்த்து ஓரத்துக்குத் தள்ளியது. சவுக்கைக்காரர் மலையாளத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இத்தனை மருந்து எதற்கு? இந்த ராஜ்யத்தில் யாருக்கும் வியாதி இல்லை." பெட்டியைக் குடைந்து குடைந்து பார்த்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மூட்டு வலிக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். ஒரு குப்பியை எடுத்து நீட்டினேன். தடுப்பு உடனே உயர்ந்தது.

அந்தப் பக்கம் போனதும் பூமியே மாறிவிடுகிறது. எங்கள் பக்கம் சிவந்த தேரிமண்ணும் முள் உடைமரமும். இங்கே எங்கே திரும்பினாலும் வயல், வாய்க்கால், குளம். வேலி ஓரத்தில்கூடத் தண்ணீர் ஓடுகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. சாப்பாட்டு ஹோட்டலில் உட்கார்ந்தால் இலையில் சிவப்பு அரிசிச் சோறு விழுந்தது, ஒவ்வொன்றும் முத்து முத்தாகத் தடித்து. எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய். தலையில் தேய்க்கிறதை வாயில் ஊற்றுகிறார்களே என்று மனசுக்குள் முணுமுணுத்தேன். அப்புறம் உள்ளித் தீயல் வந்தது. வறுத்த தேங்காயும் புளியும் சின்ன உள்ளியுமாகக் கறுத்த குழம்பு. முணுமுணுப்பை நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.

பக்கத்து இலைக்காரர்கள் இருவரும் அரசியல் பேசினார்கள். இந்தத் தாலூகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்றார் ஒருவர். மற்றவர், "சேருகது இருக்கட்டும் வேய். சேந்தா இந்த வாய்க்கால்ல தண்ணி வருமா? அதக் கேட்டுச் சொல்லும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பேச்சுக்குப் பேச்சு பாட்டு மாதிரி இழுக்கிறார்கள், ஆனால் கேட்கிற கேள்வி கறாராக இருக்கிறது.

பிட்டர் பெயர் தாணு பிள்ளை. சுசீந்திரம் போகிற வழியில் வாய்க்கால் கரையோரம் வீடு. பின்கட்டில் சொந்தமாக உலை வைத்திருந்தார். என் வயசுதான் இருக்கும். வேலையும் தெரியும், வாயும் தெரியும். நான் வண்டியில் போய் இறங்கியதை நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இப்பிடிக் குனிஞ்சுகிட்டுப் போறதுக்கு நீங்க என்ன நாத்தா நடப் போறிய?"

எனக்குச் சுருக்கென்றது. கையைக் காட்டினேன், சனிக்கிழமை கதையைச் சொன்னேன். கோடவுன் என்றதும் அவரே முகத்தைச் சுளித்தார். "சவம், அதுக்குக் கயத்துல நாண்டுக்கிட்டு நிக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அளவெடுத்த விதம் வேடிக்கை. வண்டியை நிறுத்தி, என்னை மேலே ஏற்றி, கண்ணை மூடச் சொன்னார். "மத்தியான ஊணு கழிஞ்சு சாய்வு நாற்காலியில இருக்கியன்னு நெனச்சுக்கிடுங்க. கைய உங்க பாட்டுக்கு விடுங்க. அது எங்க போய் நிக்கோ, அங்கதான் ஹாண்டில் வரணும்." நான் விட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் வலது கை கொஞ்சம் முன்னாலும் இடது கை ரொம்பப் பின்னாலும் நின்றன. தாணு பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு கையும் ரெண்டு தாய் பெத்தது மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டார். இடது பக்கக் குழாயைக் கூடுதல் நீளமாக விட்டு, என் பக்கமாக வளைத்து விடலாம் என்றார்.

"பாக்க அசிங்கமா இருக்குமே வே" என்றேன்.

"பாக்கதுக்கா ஓட்டுகிய?" என்றார்.

குழாய்க்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மறுநாள் ஷெட்டிலிருந்து ஒரு உடைந்த ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பஸ் மேல் மூட்டை ஏற்றுகிறவர்கள் ஏறுவார்களே, அந்த ஏணி. எத்தனையோ வாழைத்தார்களும் கருப்பட்டிச் சிப்பங்களும் அதன் வழியாக மேலே போயிருக்கும். அதன் ஒரு பக்கக் குழாயை அறுத்து எடுத்தார்.

சும்மா வளைத்தால் குழாய் சப்பிப் போகும். உள்ளே மணல் நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்து, சூடாக்கி வளைக்க வேண்டும். இது எல்லாப் பட்டறையிலும் செய்கிறதுதான். தாணு பிள்ளைக்கு ஆற்று மணல் ஆகாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கறுப்பு மணல்தான் வேண்டும். "அதாக்கும் மணல். கையில எடுத்தா கனம் தெரியும். உள்ள போனா அசையாது" என்று மார்தட்டினார். கடல் மணலில் ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துவிடும் என்பதால் அடுப்பில் போட்டு வறுக்க ஆரம்பித்தார். அவர் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மண்ண வறுத்துத் திங்கப் போறியளோ? அந்தச் சட்டியில நான் நாளைக்கு உளுந்து வறுக்கணும்."

"ஏட்டி, சும்மா கெட. ஒரு மனுசனுக்க சோலி போகப் போகு."

அந்த அம்மாள் என் கையைப் பார்த்தாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் போய், புட்டும் பயறும் பப்படமும் மட்டி வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். புட்டை எங்கள் ஊரில் சீனி போட்டுத்தான் தின்போம். இங்கே பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கி, பயறையும் சேர்த்து ஒரே உருண்டையாக உருட்டி உள்ளே தள்ளுகிறார்கள். நானும் தள்ளினேன். சனிக்கிழமைக்கு என்ன ஆனாலும் இந்த ராஜ்யத்துக்கு வந்தது வீணில்லை என்று தோன்றியது.

குழாய் அழகாக வளைந்தது. உயர்ந்து, பின்னால் வந்து, மாட்டுக் கொம்பு மாதிரி நின்றது, ஒரு கொம்பு மட்டும் நீளமாக. ஹாண்டில் உயர்ந்ததும் பழைய கேபிள்கள் எட்டவில்லை. ஷெட்டில் கிடந்த நீளக் கேபிளை அளவாக அறுத்து, நுனியில் ஈயம் உருக்கி வைத்து மாட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் நான் ஏறி உட்கார்ந்தேன். முதுகு நேராக நின்றது. இடது கை தானாகப் போய்க் கிளச்சின் மேல் விழுந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நாலு விரலும் சேர்ந்து அதைப் பிடித்தன. கிளப்புகிறேன் என்று காலை ஓங்கினேன்.

"எறங்குங்க" என்றார் தாணு பிள்ளை. "செஞ்சவன்தான் முதல்ல ஓட்டணும். விழுந்தா நான் விழணும். அதாக்கும் முறை."

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். வாய்க்கால் கரைப் பாதையில் போனார். போன அழகைப் பார்க்க வேண்டுமே. ஜமீன்தார் சாரட்டில் போவது போல் நிமிர்ந்து, நெஞ்சை விரித்து, தென்னை மரங்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு போனார். குளத்தங்கரை வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் எதிரே, குடையை ஊன்றிக்கொண்டு அவருடைய மாமனார் வந்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர்கள் முன்னால் நிற்கக்கூடாது என்பது எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் இந்த நாஞ்சில் நாட்டில் அது சட்டம். தூரத்தில் பெரியவர் தலை தெரிந்தாலே கை தன்னால் இடுப்புக்குப் போய் மடிப்பை அவிழ்த்துவிடும். தலையில் வைக்கோல் கட்டு இருந்தாலும், கையில் கோழி இருந்தாலும் அவிழும். நாலு நாளில் நானே எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அதிலும் வந்தவர் பெண் கொடுத்த மாமனார்.

தாணு பிள்ளை இரண்டு கையையும் எடுத்தார்.

வேட்டி இறங்கியது. வண்டியும் இறங்கியது. வாய்க்கால் தண்ணீர் இரண்டு கரைக்கும் எழும்பித் தெறித்தது. நான் ஓடினேன். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் தாணு பிள்ளை எழுந்து நின்றார். அடி ஒன்றும் படவில்லை. மிதந்துகொண்டிருந்த வேட்டியைப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே கணுக்கால் வரை இழுத்து விட முயன்றுகொண்டிருந்தார். மாமனார் கரையில் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"மாப்பிள, வேட்டிய பொறவு எறக்கலாம். முதல்ல வண்டிய ஏத்தும்" என்றார்.

வடக்கயிறு கட்டி, வயலில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். வண்டி ஒரு பாட்டம் அழுதுகொண்டு கரையேறியது. ஹாண்டிலின் வலது முனை கல்லில் மோதி முறுக்கிக்கொண்டிருந்தது. விடிந்தால் சனிக்கிழமை. மதுரைக் கோடவுனின் நாற்றம் அங்கேயே மூக்கில் ஏறிவிட்டது.

தாணு பிள்ளை ஈரத்தோடு வீட்டு முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "பழைய ஹாண்டிலையே மாட்டித் தந்திருகேன் அண்ணாச்சி. இது ராசி இல்ல. நாளைக்கு நீங்க விழுந்தா என்னால தாங்க முடியாது" என்றார். அவர் மனைவியும், "அதையே மாட்டிக் குடுங்க. உசுரு போனா வருமா?" என்றாள். மாமனார்கூடத் தலையை ஆட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வண்டியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். சட்டென்று எனக்கு ஒன்று விளங்கியது.

"வே, தாணு பிள்ளை, ஒண்ணு கேக்கேன். பழைய ஹாண்டில் இருந்து, மாமனார் எதுக்க வந்திருந்தா, கைய எடுத்திருப்பேரா?"

"எப்பிடி எடுக்கது? எடுத்தா மூஞ்சி டாங்கில இடிக்கும்லா."

"பொறவு இதுல ஏன் எடுத்தேரு?"

அவர் ஈர வேட்டியைப் பிழிந்தார். "வண்டியில இருக்கேன்னே நெனப்பு இல்ல. கரையில நடந்து போகது மாதிரி இருந்து" என்றார்.

"எனக்கு அதுதாம்வே வேணும். நாளைக்கு எதுக்க வந்தா உம்ம மாமனாருதான் வருவாரு. என் மாமனாரு கல்லிடைக்குறிச்சியில பத்திரமா இருக்காரு. உலையப் பத்த வையும்."

மாமனார்தான் முதலில் சிரித்தார். பிறகு அவரே துருத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மறுபடி மணல் வறுத்தோம். இந்தத் தடவை அந்த அம்மாளே கிண்டிவிட்டாள். வலது முனையைச் சூடாக்கி, நிமிர்த்தி, நூல் முடிச்சை வைத்துப் பார்த்து நிறுத்தினார் தாணு பிள்ளை. நான் கார்புரேட்டரைக் கழற்றிச் சேற்றைக் கழுவினேன். மரச்சீனி என்று இவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கை அவித்ததும், காந்தாரிமிளகாயை அரைத்த சம்மந்தித் துவையலும் வந்தன. அந்த மிளகாய் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். எனக்குக் காதில் புகை வந்தது. பொழுது சாயுமுன் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. தாணு பிள்ளை இப்போது ஓட்ட வரவில்லை. நானே குளத்தங்கரை வரை போய் வந்தேன். வழியில் எதிர்ப்பட்ட பெரியவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன்.

சனிக்கிழமை மானேஜர் வந்து இறங்கிய பஸ்ஸைப் பார்த்தாலே அவர் பட்டபாடு தெரிந்தது. வழியில் டயர் வெடித்து, சவுக்கையில் அவர் பெட்டியை முழுக்கக் கொட்டி, பட்டுவேட்டிக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் அவர் சிவந்த கண்ணோடு நின்றார். ஹாண்டிலைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். "என்னய்யா இது, ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு கட்டையா?" என்றார்.

"கைக்குத் தகுந்த ஹாண்டில் சார்" என்றேன்.

ஏறி உட்கார்ந்தார். என் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வில்லுக்குறி வரை அவர் கண் என் இடது முழங்கையிலேயே இருந்தது, திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. வண்டி எதிரே வந்தால் பெல்ட் இறுகும். மேடு ஏறினால் இறுகும். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிளச்சைப் பிடித்து விடுவதில்தான் என் பேச்செல்லாம் இருந்தது. அந்த ரஸ்தாவில் சமதரையே கிடையாது. ஏற்றம், இறக்கம், உடனே ஒரு வளைவு, ஓரத்தில் மரச்சீனித் தோட்டம், மறுபடி ஏற்றம். எங்கள் ஊர்க்காரனுக்குத் தலை சுற்றும். எனக்கு முதுகும் வலிக்கவில்லை, கையும் வலிக்கவில்லை.

தக்கலையை நெருங்கும்போது பெல்ட் தளர்ந்திருப்பதைக் கவனித்தேன். அங்கே ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும். வேகத்தைக் குறைக்கப் போனபோது என் இடது தோளில் கனமாக ஏதோ சாய்ந்தது. முழங்கையைக் கிட்டத்தில் பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன். அப்புறம் காதுக்குப் பக்கத்தில் குறட்டை கேட்டது.

தக்கலை டாக்டர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு கையால் அவருடைய இரண்டு கைகளையும் முன்னால் இழுத்து என் இடுப்பில் கோத்து வைத்தேன். அதற்குமேல் நான் ஓட்டிய ஓட்டத்தைப் போல் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. பள்ளம் ஒன்றிலும் இறக்காமல் சுற்றிப் போனேன். கியர் மாறுவது எனக்கே கேட்கவில்லை. பால் குடிக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி மார்த்தாண்டம் சந்தைக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்தேன். ஒருத்தரும் கேலி செய்யவில்லை. மீன்கூடைக்காரி ஒருத்தி மட்டும், "மக்கா, பையப் போ, அவரு ஒறங்குகாரு" என்றாள்.

குழித்துறைப் பாலத்தடியில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றதால் நிறுத்தினேன். மானேஜர் விழித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி ஆற்றைப் பார்த்தார். அதுவும் தாமிரபரணிதானாம். எங்கள் ஆற்றின் பெயரை எப்போது தூக்கிக்கொண்டு வந்தார்களோ தெரியவில்லை.

"தக்கலை டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"பாக்கலை சார். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

அவர் கிட்டே வந்து என் இடது கையைப் பிடித்து, மெல்ல நீட்டிப் பார்த்தார். அது நிற்கிற இடத்தில் நின்றது.

"இது இனிமே நீளாதா?"

"நீளாது சார்" என்றேன். பொய் சொல்லிப் பிழைக்க எனக்கு அப்போது மனசு வரவில்லை.

அவர் கையை விட்டார். கோணல் ஹாண்டிலை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "சரி. தக்கலை டாக்டரைத் திரும்பும்போது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நான் ஏறுவதற்கு முன்னாலேயே ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.